வாளிக் கணக்கு

ஹைதராபாத்தில் கைவிடப்பட்ட தங்கமீன்களை ஏற்றுக்கொள்ளும் வீடுகளில், அவற்றுக்கு ஒதுக்கப்படும் தொட்டி போதாது என்பது ஏற்றுக்கொள்பவருக்கே பெரும்பாலும் தெரிந்திருக்கும். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்டு எல்லாக் கடைகளிலும் விற்கும் கண்ணாடித் தொட்டி, அளவின்படி சுமார் 56 லிட்டர் கொள்ளும் என்றாலும், அடியில் பரப்பிய கல்லையும் மேல்விளிம்பில் விட்ட இடைவெளியையும் கழித்தால் அதில் நிற்கும் நீர் 45 லிட்டருக்கு மேல் இராது. முதல் மீனுக்கு 75 லிட்டர், பிறகு சேரும் ஒவ்வொரு மீனுக்கும் 40 லிட்டர் என்பது தங்கமீன் வளர்ப்போர் பொதுவாகக் கொள்ளும் அளவு. 20 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்து 10 முதல் 15 ஆண்டுகள் வாழக்கூடிய கெண்டைக் குடும்பத்து மீனுக்கு அதுவும் தாராளமானதல்ல. இந்தக் குறையைக் காட்டி மீட்பே வேண்டாம் என்று சொல்வோர் உண்டு. இப்பணியில் தலை நரைத்தவர்கள் கண்டறிந்தது வேறு: தொட்டி எத்தனை லிட்டர் என்பதைவிட, அதிலிருந்து வாரத்துக்கு எத்தனை வாளி நீர் வெளியேறுகிறது என்பதே மீனின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கிறது, மீட்ட முதல் வாரத்தில் சாகும் மீன்களில் பலவற்றைக் கொல்வது, நல்லெண்ணத்தோடு ஒரே நாளில் நிரப்பப்பட்ட சுத்தமான புதிய நீர்.

மீட்கப்படும் மீன்களின் பூர்வகதையில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. சென்னை கொளத்தூரின் சிமென்ட் தொட்டிகளிலும் திருவள்ளூர் மாவட்டத்துப் பண்ணைகளிலும், மறுபுறம் கொல்கத்தாவைச் சூழ்ந்த பண்ணைகளிலும் பொரித்து வளர்ந்த குஞ்சுகள், ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பைகளில் இரவோடு இரவாக ஹைதராபாத் வந்து சேர்கின்றன. அங்கிருந்து சில பிறந்தநாள் விழாவின் பரிசுப் பொருளாக உருண்டைக் கிண்ணத்துக்குள் போகின்றன. சில, எட்டுப் பொன்னிறமும் ஒரு கருப்பும் சேர்ந்தால் செல்வம் தங்கும் என்ற சீன வாஸ்து நம்பிக்கையால் அலுவலக வரவேற்பறைக்குப் போகின்றன. 45 லிட்டரில் ஒன்பது தங்கமீன் எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வியை வாஸ்து நிபுணர்கள் கேட்டுக்கொள்வதில்லை. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லிக் கடைக்காரர் உடன் விற்கும் சக்கர் மீன், பாசி தீர்ந்ததும் மெதுவாக நகரும் தங்கமீனின் விலாவில் ஒட்டிக்கொண்டு அதன் மேல்தோலில் உள்ள வழவழப்புப் படலத்தைச் சுரண்டித் தின்னும். மீட்புக்கு வரும் மீன்களின் பக்கவாட்டில் காணப்படும் வட்டவடிவச் சிவப்புப் புண்களுக்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

ஹைதராபாத்தில் இப்பணியைச் செய்தவர்கள் மீனைப் படிக்கும் முன் நகரின் தண்ணீரைப் படிக்க வேண்டியிருந்தது. 1908-ஆம் ஆண்டு மூசி வெள்ளத்துக்குப் பின் கட்டப்பட்டு 1920-இல் முடிந்த உஸ்மான் சாகரும், 1927-இல் முடிந்த ஹிமாயத் சாகரும், பின்னர் மஞ்சீரா ஆறும் நகருக்கு ஊட்டிய நீர் ஏரி நீராகவும் ஆற்று நீராகவும் இருந்தது. பழைய செகந்திராபாத்தில், மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளில், இரும்புச் சட்டத்தில் மக்கு வைத்துக் கண்ணாடி பதித்த தொட்டிகளில் தங்கமீன்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்ததற்கு அந்த நீரும் ஒரு காரணம். 1990-களுக்குப் பின் கூக்கட்பள்ளி, மியாப்பூர், கொண்டாப்பூர் என மேற்கே நகர் பரவியபோது, புதிய அடுக்ககங்கள் கருங்கல் பாறையைத் துளைத்த போர் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் நம்பி எழுந்தன. பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கிய நீரில் கால்சியமும் கார்பனேட்டும் மிகுந்து, அதன் கார அமில அளவு 8-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். 2004-இல் கிருஷ்ணா நீரும் 2015-இல் கோதாவரி நீரும் நகருக்கு வந்த பிறகும், ஒரே தெருவில் ஒரு வீட்டில் ஆற்று நீர், அடுத்த வீட்டில் போர் நீர், கோடையில் இரண்டிலும் லாரி நீர் என்ற நிலையே நீடித்தது. ஆகவே மீனை ஒப்படைக்க வருபவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, இதுவரை எந்தத் தண்ணீரில் இருந்தது என்பதாக ஆயிற்று.

அக்கேள்வியின் முக்கியத்துவத்தை உணர்த்தியவை, மீட்ட மறுநாளே செத்த மீன்கள். ஓராண்டு, ஈராண்டு சுத்தம் செய்யப்படாத தொட்டியில், மாதமொரு முறை குடிநீர் கேனிலிருந்து ஊற்றிக்கொண்டே வந்த கலங்கல் நீரில், மெலிந்தும் உயிரோடு இருந்த மீன், தெளிந்த போர் நீர் நிரம்பிய புதிய தொட்டிக்கு மாற்றப்பட்ட சில மணி நேரத்தில் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நின்று, இரவுக்குள் கவிழ்ந்துவிடும். அங்கே நன்றாகத்தானே இருந்தது என்று ஒப்படைத்தவர் கேட்கும்போது விடை சொல்வது எளிதாக இராது. விடை வேதியியலில் இருக்கிறது. மீன் தன் செவுள் வழியே வெளியேற்றும் கழிவு அம்மோனியா. வடிகட்டியிலும் கல்லிலும் படிந்து வாழும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இம்மாற்றம் நடக்கும்போது நீரிலுள்ள கார்பனேட் தொடர்ந்து செலவாகிறது. கேன் தண்ணீரில் தாது உப்புகள் ஏற்கெனவே நீக்கப்பட்டிருப்பதால், செலவான கார்பனேட் ஈடுசெய்யப்படாமல் நீர் அமிலத் தன்மை அடைந்து, அந்த அமிலத்தில் பாக்டீரியாக்களும் வேலையை நிறுத்த, அம்மோனியா சேரத் தொடங்குகிறது. ஆனால் அமில நீரில் அது ஏறத்தாழ முழுவதும் அம்மோனியம் என்ற, செவுளைத் தாக்காத வடிவில் கிடக்கும். 30 டிகிரி வெப்பத்தில் கார அமில அளவு 6.5 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் 0.3 விழுக்காடுகூட நச்சு வடிவில் இருப்பதில்லை. அதே நீர் 8.2-க்கு உயர்ந்தால் 11 விழுக்காட்டுக்கு மேல் நச்சாகிறது. அதாவது, பழைய நீரோடு சேர்த்து மீனைப் புதிய தொட்டியில் ஊற்றுபவரும், பழைய தொட்டியில் பாதி நீரை எடுத்துவிட்டுப் போர் நீரை நிரப்புபவரும், அதுவரை உறங்கிய நஞ்சைப் பல மடங்கு பெருக்கி எழுப்பிவிடுகிறார்கள். பழைய நீரில் ஒரு சொட்டுகூடச் சேராமல் வலையால் எடுத்துவிட்ட மீனுக்கும், கார அமில அளவும் உப்புச் செறிவும் ஒரே நொடியில் மாறும் அதிர்ச்சி மிஞ்சுகிறது.

இதற்கு மீட்பாளர்கள் கண்ட வழி விந்தையானது: நோயை உண்டாக்கிய கேன் தண்ணீரே முதல் நான்கு நாட்களுக்கு மருந்து. மீனோடு பழைய நீரையும் இரண்டு குடம் கொண்டுவரச் சொல்லி, அதிலேயே மீனை விட்டு, நாள்தோறும் ஐந்தில் ஒரு பங்கு எடுத்துக் கேன் தண்ணீர் சேர்த்தால், கார அமில அளவு உயராமலே அம்மோனியா மட்டும் நீர்த்துப்போகும். அது கணிசமாகக் குறைந்த பிறகு சிறிது சிறிதாகப் போர் நீரைக் கலந்து, ஒரு வாரம் அல்லது பத்து நாளில் மீனை நகரத்தின் நீருக்குப் பழக்க வேண்டும். அந்நாட்களில் தீனி கிடையாது. வளர்ந்த தங்கமீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் சாகாது என்பதை ஒப்படைத்தவரின் குழந்தைகளுக்கு நம்பவைப்பது மற்ற வேலைகளைவிடக் கடினமானது.

முதல் வாரம் தாண்டினால் எஞ்சுவது வாளியின் கணக்கு. புரதம் மிகுந்த மீன் தீனி ஒரு கிலோவிலிருந்து ஏறத்தாழ 30 கிராம் அம்மோனியா நைட்ரஜன் வெளிப்படும் என்பது மீன்வளர்ப்புத் துறையின் பழைய கணக்கு. அதன்படி, மூன்று சிறு மீன்களுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராம் தீனி போடும் 45 லிட்டர்த் தொட்டியில், வடிகட்டி முழுமையாக வேலை செய்தாலும் நாள்தோறும் லிட்டருக்கு 3 மில்லிகிராம் அளவில் நைட்ரேட் சேரும். வாரத்துக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீர் மாற்றினால் போதும் என்று கடைகளில் சொல்லும் வழக்கத்தைப் பின்பற்றினால், சில மாதங்களில் அந்தச் சேர்மானம் லிட்டருக்கு 100 மில்லிகிராமை எட்டி அங்கேயே நிற்கும். வாரத்துக்கு இருமுறை பாதி நீர் மாற்றினால் அது 20-ஐ ஒட்டியே நிற்கும். இரண்டு வழக்கங்களுக்கும் வேறுபாடு வாரத்துக்கு இரண்டு வாளி கூடுதல் உழைப்பு. விளைவில் வேறுபாடு ஐந்து மடங்கு. இதே கணக்கை மறுபக்கம் படித்தால், சிறிய தொட்டியில் தீனியைப் பாதியாகக் குறைப்பது தொட்டியை இரட்டிப்பாக்குவதற்கு ஏறக்குறைய சமமாகிறது. மீன், தொட்டிக்குத் தக்கவாறு தன் உடலைக் குறுக்கிக்கொள்ளும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் நம்பிக்கைக்கும் இங்கேதான் விளக்கம் இருக்கிறது. அழுக்கு நீரில் வளர்ச்சி தடைப்பட்ட மீன்களையே மக்கள் பார்த்திருந்தார்கள். வாளிக் கணக்கைப் பின்பற்றிய வீடுகளில் அதே இரண்டடித் தொட்டியில் மீன்கள் தயக்கமின்றி வளர்ந்து, ஓராண்டில் திரும்ப இடமில்லாத நிலைக்கு வந்தன. நல்ல பராமரிப்பு சிறிய தொட்டியின் குறையை மறைப்பதில்லை; அதை விரைவில் வெளியே கொண்டுவந்துவிடுகிறது.

நீர் மாற்றுவதிலும் காலம் சில மாற்றங்களைச் செய்தது. குழாய் நீரில் கிருமி நீக்கத்துக்குச் சேர்க்கும் குளோரின் செவுளை எரிக்கும் என்பதால், முன்பெல்லாம் புகைப்படப் பொருள் கடைகளில் ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட் படிகங்களைப் பொட்டலமாக வாங்கி, வாளிக்குச் சில படிகங்கள் போட்டு குளோரினை முறிப்பார்கள். பிலிம் சுருள் மறைந்தபோது அந்தக் கடைகளும் மறைந்தன, அதே பொருள் இப்போது சிறு புட்டிகளில் கரைசலாகப் பல மடங்கு விலைக்கு விற்கப்படுகிறது. அவசரமில்லாதவர்கள் அகன்ற வாளியில் ஒரு நாள் நீரைத் திறந்து வைத்து குளோரினைப் போக்கிவிடுகிறார்கள். நகரில் ஒன்றுவிட்டொரு நாள் குழாய் நீர் வரும் வழக்கத்தால் எல்லா வீடுகளிலும் பிடித்து வைத்த நீர் இருக்கும் என்பது தங்கமீனுக்கு வாய்த்த நன்மை.

வடிகட்டியைப் பொறுத்தவரை விலை உயர்ந்த கருவிகள் எல்லாம் வந்து போன பின்னும், காற்று பம்பால் இயங்கும் சாதாரண ஸ்பாஞ்ச் வடிகட்டியையே அனுபவசாலிகள் விடாது பிடித்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் ஒரு ஸ்பாஞ்ச் எப்போதும் உபரியாகக் கிடந்தால், திடீரென்று மீன் வந்து சேரும் நாளில் அதைப் புதிய தொட்டிக்கு மாற்றி, தோசைமாவுக்குப் பழைய மாவை உறை சேர்ப்பது போல, பாக்டீரியாவைக் குடியேற்றிவிடலாம். இல்லையேல் புதிய வடிகட்டி தானே பழுக்க நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து வெள்ளையாக்குபவர் குளோரின் நீரால் அவ்வளவு பாக்டீரியாவையும் கொன்றுவிடுகிறார் என்பதால், தொட்டியிலிருந்து எடுத்த வாளி நீரிலேயே அதை அலச வேண்டும்.

தங்கமீன் குளிர்ந்த நீருக்குரிய இனம். சீனத்தில் சோங் அரசர் காலத்தில் குளங்களில் வளர்க்கத் தொடங்கிய மீனுக்கு 18 முதல் 24 டிகிரி உகந்தது. ஹைதராபாத்தின் மே மாதத்தில் வெளியே 42 டிகிரி அடிக்கும்போது மேல்மாடி வீட்டுத் தொட்டி நீர் 32-ஐ எட்டும். கடல் மட்டத்தில் 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைத்து வைத்திருக்கும் என்றால், 540 மீட்டர் உயரத்து தக்காணத்தில் 30 டிகிரி நீர் 7 மில்லிகிராம்தான் வைத்திருக்கும்; மீனுக்கோ வெப்பத்தில் தேவை கூடுகிறது. தெலங்கானா மாநிலம் 2014-இல் உருவாவதற்கு முந்தைய கோடைகளில், மின்வெட்டு நேர அட்டவணையைப் பார்த்தே மீட்பாளர்கள் தங்கள் நாளை வகுத்தார்கள். மின்சாரம் போனதும் வீட்டில் யாராவது ஒருவர் குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருப்பார். மின்வெட்டு குறைந்து பேட்டரி பம்புகளும் மலிந்த பின், அந்தக் காட்சி அரிதாயிற்று. நீரைக் குளிர்விக்க உறைந்த தண்ணீர்ப் புட்டியை மிதக்கவிடும் பழக்கத்தில் மட்டும் எச்சரிக்கை தேவைப்படுகிறது: மணிக்கு இரண்டு டிகிரிக்கு மேல் இறங்கினால் மீன் நோயில் விழும். தொட்டியின் மூடியைத் திறந்து சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் ஓடவிடுவது, வறண்ட காற்று வீசும் இந்நகரக் கோடைக்கு ஐஸைவிட நன்றாகவே பொருந்தும்.

மருந்து விஷயத்தில் நிகழ்ந்த மாற்றம் மெதுவானது. முன்னர், எந்த நோய்க்கும் டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலைப் பிரித்து நீரில் கொட்டி மஞ்சளாக்குவதே கடை வைத்தியம். கடின நீரிலுள்ள கால்சியம் அந்த மருந்தைப் பிணைத்துச் செயலற்றதாக்கிவிடும் என்பதால், ஹைதராபாத்தின் போர் நீரில் அது பெரும்பாலும் வீண் செலவு. அதன் இடத்தைக் கல்லுப்பு பிடித்தது. நைட்ரைட் மிகுந்து மீன் இரத்தம் ஆக்சிஜன் சுமக்க முடியாமல் செவுள் பழுப்பாகும்போது லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு நைட்ரைட் உள்ளே நுழைவதைத் தடுக்கிறது. வெண்புள்ளி நோய் எனப்படும் ஒட்டுண்ணித் தாக்குதலுக்கு மூன்று கிராம் வரை படிப்படியாகக் கூட்டலாம். நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை என்பதை மறந்து, குறைந்த நீருக்கும் உப்பிட்டு நிரப்பியவர்கள் மீனை ஊறுகாயாக்கிய கதைகள் இத்துறையில் நிறைய உண்டு.

மீட்கப்பட்ட பொன்னிற மீனின் உடலிலும் துடுப்பு ஓரங்களிலும் இரண்டாம் வாரத்தில் கருந்திட்டுகள் தோன்றும்போது, ஏற்றவர் புதிய நோய் என்று பதறி மருந்து தேடுவது இன்றும் நடக்கிறது. அம்மோனியாவால் எரிந்த தோல் ஆறும்போது அங்கு கருநிறமி சேர்வதன் விளைவே அது. சில வாரங்களில் தானே மறையும். அப்போது செய்யத்தக்கது வாளி நீரை மாற்றிக்கொண்டிருப்பது ஒன்றுதான். இதைப் போலவே, ஒராண்டா, பிளாக் மூர் போன்ற உருண்டை உடல் வகைகள் தலைகீழாக மிதந்தால், காற்றுப்பைக்கு மருந்திடும் முன் மூன்று நாள் பட்டினியும் பின்னர் தோல் நீக்கி வேகவைத்த பச்சைப் பட்டாணியும் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். இரைப்பை இல்லாத மீனுக்கு உலர்ந்த உருண்டைத் தீனி குடலில் ஊதி அடைத்துக்கொள்வது பல நேரம் காரணமாக இருக்கும்.

2020-ஆம் ஆண்டு இந்நகர மீட்புப் பணியை இருமுறை புரட்டிப்போட்டது. மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்ததும் ஹைடெக் சிட்டி, கச்சிபௌலி அலுவலகங்களின் வரவேற்பறைத் தொட்டிகள் ஆளின்றி நின்றன. காவலாளிகள் இரக்கத்தால் தினமும் கைப்பிடி தீனி போட்ட தொட்டிகளில் மீன்கள் செத்தன, யாரும் தீனி போடாமல் பம்ப் மட்டும் ஓடிய தொட்டிகளில் மீன்கள் மெலிந்தும் பிழைத்திருந்தன. அக்டோபர் 13-ஆம் நாள் இரவு கொட்டிய மழையில் பழைய நகரத்து ஏரிக்கரைகள் உடைந்து, டோலிசௌக்கி நதீம் காலனி போன்ற பகுதிகள் நாட்கணக்கில் நீரில் நின்றபோது, வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் பிளாஸ்டிக் டப்பாவில் மீனையும் தூக்கி வந்தார்கள். அவ்வளவு மீன்களுக்குக் கண்ணாடித் தொட்டி கிடைக்கவில்லை. நீளவாக்கில் அறுத்த 200 லிட்டர் நீல டிரம்களும் துணி ஊறவைக்கும் பெரிய டப்புகளும் ஸ்பாஞ்ச் வடிகட்டியோடு தற்காலிக வீடாயின. ஆழம் குறைந்து பரப்பு அகன்ற அந்த டப்புகள் அழகான இரண்டடித் தொட்டியைவிட மீனுக்கு ஏற்றவை என்பதை அப்போதுதான் பலர் கண்டுகொண்டனர். கண்ணாடி வழியே பார்க்க முடியாது என்பதைத் தவிர அவற்றில் குறையில்லை. விலையும் கால் பங்கு.

ரோம் நகரம் 2005-இலேயே உருண்டைக் கிண்ணத்தில் மீன் வளர்ப்பதைத் தடை செய்தது. இந்தியாவில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017-இல் மீன் தொட்டிக் கடைகளுக்கென அறிவித்த விதிகள் வியாபாரிகளின் எதிர்ப்பால் நிலைக்கவில்லை. விதி இல்லாத நிலையில் மீட்பாளர் முன் நிற்கும் கடினமான கேள்வி, வளர்ந்துவிட்ட மீனை எங்கே அனுப்புவது என்பது. அருகிலுள்ள ஏரியில் விட்டால் புண்ணியம் என்று நினைப்பவர் மிகப் பலர். அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கி நீர்த்தாவரங்களை அழிக்கும் தங்கமீன், ஆஸ்திரேலியாவிலும் வட அமெரிக்காவிலும் ஏரிகளைக் கெடுத்த அயல் இனம். இங்கே அதே வழியில் வெளியேறிய சக்கர் மீன்கள் தெலுங்கு மாவட்டங்களின் குளங்களில் பெருகி மீனவர் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே பெரிய மீன்கள், அடுக்ககங்களின் முற்றத்துச் சிமென்ட் தொட்டிகளுக்கோ, மொயினாபாத், ஷாமீர்பேட் பக்கத்துப் பண்ணை வீட்டுக் குளங்களுக்கோ அனுப்பப்படுகின்றன. அங்கும் மீன்கொத்தி வராதபடி மேலே வலை கட்டுவதோடு, மழைக்காலத்தில் வழியும் நீரோடு மீன் கால்வாயில் இறங்கிவிடாதபடி போக்குக் குழாயின் வாயில் நெருங்கிய கண் கொண்ட கம்பிவலையைப் பொருத்தி, ஜூன் தொடங்குமுன் அதில் அடைத்த இலைகளை எடுத்துவிட வேண்டும் என்பது மீனை ஏற்பவருக்கு விதிக்கப்படும் நிபந்தனை.